ஜெர்மன் வாக்கியத்தில் ஆங்கிலப் பெயர்ச்சொல்: இடறும் இடங்கள்

ஜெர்மன் படிக்கும்போது கம்ப்யூட்டர், டீம், மீட்டிங் என்று தெரிந்த சொல் வந்தால் ஒரு நிம்மதி. அங்கேதான் கால் இடறுகிறது. பஸ்ஸுக்கு, காரில் என்று நாம் நம் உருபை ஒட்டிக்கொள்வதில்லையா? ஜெர்மனும் அப்படித்தான். சொல் இரவல், வேற்றுமை சொந்தம்.

பெரிய குழி பன்மை. டீம்ஸ், ஜாப்ஸ் என்று பல சொற்கள் 'எஸ்' சேர்த்தே பன்மையாவதால், எல்லாமே அப்படித்தான் என்று தோன்றிவிடும். மேனேஜர், கம்ப்யூட்டர், யூசர் போல 'இ-ஆர்' எழுத்துகளில் முடியும் சொற்கள் அப்படியில்லை. ஒருமை 'டேர் மேனேஜர்', பன்மை 'டீ மேனேஜர்'. மாறுவது ஆர்ட்டிகிள் மட்டும், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'டேர்', 'டீ' போன்ற சொல். ஆசிரியரைக் குறிக்கும் 'லேரர்' என்ற ஜெர்மன் சொல் போகும் அதே வழி. 'மிட்' (உடன்) போன்ற சொற்களுக்குப் பின் வரும் டாட்டிவ் வேற்றுமையின் பன்மையில் 'ன்' சேர வேண்டும்: 'மிட் டேன் மேனேஜர்ன்', அதாவது மேனேஜர்களோடு. 'எஸ்' பன்மை எடுக்கும் சொல்லுக்கு அந்த 'ன்' கிடையாது: 'மிட் டேன் டீம்ஸ்'.

அப்படியானால் 'மேனேஜர்ஸ்' என்ற வடிவமே இல்லையா? உண்டு, ஆனால் அது கெனிட்டிவ் (உடைமை காட்டும் வேற்றுமை) ஒருமை: 'டாஸ் பியூரோ டெஸ் மேனேஜர்ஸ்', அதாவது மேனேஜரின் அலுவலகம். ஒரே ஆள்தான்! பெண்பால் சொல்லுக்கு இந்த 'எஸ்' வராது. மின்னஞ்சலின் உள்ளடக்கம் 'டேர் இன்ஹால்ட் டேர் ஈமெயில்' (இரண்டாவது 'டேர்' பெண்பால் ஆர்ட்டிகிளின் கெனிட்டிவ் வடிவம்). ஆங்கிலப் பழக்கத்தில் 'எஸ்' முன்னால் மேற்குறி (அப்போஸ்ட்ரோஃபி) போடாதீர்கள். ஜெர்மானியர்கள் அதை 'டெப்பன்-அப்போஸ்ட்ரோஃப்', முட்டாள்களின் மேற்குறி, என்று கேலி செய்வார்கள். கடைப் பெயர்களில் ஆள்பெயரோடு அது வருவதை 2024-இன் அதிகாரபூர்வ விதிகள் ஏற்கின்றன. மேனேஜருக்கும் கம்ப்யூட்டருக்கும் அந்தச் சலுகை இல்லை.

எழுதும்போது இன்னொன்று: பேபி, பார்ட்டி, ஹாபி ஆகியவற்றின் பன்மையில் கடைசி 'ஒய்' அப்படியே நிற்கும், பின்னால் 'எஸ்' மட்டும். 'ஐ-இ-எஸ்' பிழை. முதலெழுத்து பெரிய எழுத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேக்கின் ஆங்கிலப் பன்மையிலிருந்து வந்தது, பிஸ்கெட்டைக் குறிக்கும் 'கேக்ஸ்'. ஜெர்மனில் அது ஒருமை, அதன் பன்மை 'கேக்ஸெ'! அந்த 'எஸ்'ஸை யாரும் பன்மையாக நினைப்பதே இல்லை.

பால் தெரியாமல் இதில் எதுவும் நடக்காது. ஒருமையில் ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', நடுப்பாலுக்கு 'டாஸ்'. 'இங்' என்று முடியும் மீட்டிங், ட்ரெய்னிங் பொதுவாக 'டாஸ்'. ஈமெயில் ஜெர்மனியில் பெரும்பாலும் 'டீ', ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் 'டாஸ்' என்றும் கேட்கலாம். பிளாக் (வலைப்பூ) 'டேர்', 'டாஸ்' இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.