ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து வாசிக்க வைக்கும்போது நேரும் தவறுகள்

சென்ற மாதம் ஒரு சிறுவர் வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியை ஒருவர், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்த ஆண்டையும் ஊரையும் அட்டையில் எழுதி, பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பு அதே அட்டையை நானும் எழுதியிருக்கிறேன். ஒரே எழுத்தாளரையோ ஓவியரையோ சில வாரங்கள் தொடர்ந்து வாசிக்கும் இந்த முறையில் எல்லோருக்கும் தெரிந்த சிறு பிழைகளை விட்டுவிட்டு, வாசிப்பையே கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்குவது

எனக்குக் கிடைத்தவை ஆறு சனிக்கிழமைகள். முதல் நான்கை, வள்ளியப்பா 1922இல் புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்தார், வங்கியில் பணிபுரிந்தார், 1989இல் மறைந்தார் என்ற செய்திகளிலேயே கழித்தேன். ஐந்தாம் வாரம், "உனக்கு அவர் பாட்டில் எது பிடிக்கும்?" என்று ஒரு சிறுவனைக் கேட்டேன். ஆண்டுகளைத் தடையின்றி ஒப்பித்த அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குள் இரண்டு பிள்ளைகள் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். அவர்களை நான் மீண்டும் பார்க்கவில்லை. இன்னொருவர் இதையே செய்வதைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றினேன். கிட்டுவும் பட்டுவும் லட்டுத் தின்னும் பாட்டை முதலில் பாடினோம். தட்டு, லட்டு, எட்டு என்று ஒரே ஓசை ஓடுவதைப் பிள்ளைகளே பிடித்தார்கள். ஓர் அடி முடியும் சொல்லில் அடுத்த அடி தொடங்குவதை ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னபோது, அதற்கு அந்தாதி என்று பெயர் உண்டு என்பதை மட்டும் நான் சேர்த்தேன். பிறகு மாம்பழப் பாட்டில் சேலம் வருவதைக் கவனித்து, வேறு எந்தப் பாட்டில் ஊர்ப்பெயர் வருகிறது என்று தாங்களே தேடத் தொடங்கினார்கள். மூன்றாம் வாரத்தில்தான், "இவர் வாத்தியாரா?" என்று அந்தாதியைக் கண்டுபிடித்த சிறுமி கேட்டாள். வங்கியில் வேலை பார்த்தவர் என்றேன். "அதான் லட்டை எண்ணிப் பங்கு பிரிச்சிருக்காரு" என்றாள். அது அவளுடைய ஊகம்தான். ஆனால் பாட்டிலிருந்து ஆளை நோக்கிப் போன ஊகம். எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டிய நேரம், பிள்ளை கேட்கும் அந்த நேரமே.

ஒரே நூலோடு தொடங்குவது

மூன்று நூல்களாவது கையில் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இராது.

ஓவியரை ஒதுக்கிவிடுவது

தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமா படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதை வரைந்த சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரனின் (1924–2020) பெயரைத்தான் பலர் அறியார். முதலில் படத்தை மூடிவைத்துக் கதையை வாசியுங்கள். பிறகு படத்தைத் திறந்து, கதையில் சொல்லப்படாதது என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். மன்னனின் முகபாவமும் சுடுகாட்டின் இருளும் ஓவியர் எடுத்த முடிவுகள் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

மதிப்பெண் போடுவது

வேண்டாம்.

படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்வது

மத்தியப் பிரதேசத்தின் கோண்டுப் பழங்குடி ஓவியரான பஜ்ஜு ஷ்யாம், லண்டனின் மணிக்கூண்டைச் சேவலோடு சேர்த்து வரைந்தார். அவருடைய ஊரில் நேரம் சொல்வது சேவல். சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்ட அவரது நூலில் அப்படம் இருக்கிறது. அதைக் காட்டிச் சேவலை வரையச் சொன்னால் முப்பது சேவல்கள்தான் கிடைக்கும். அவர் பார்த்த விதத்தில் உங்கள் தெருவைப் பாருங்கள் என்று சொன்னேன். ஒரு சிறுமி ரேஷன் கடை வரிசையை நீண்ட மரவட்டையாக வரைந்து, ஒவ்வொரு காலிலும் ஒரு பையைத் தொங்கவிட்டிருந்தாள்.