தண்ணீர் குடிக்கும் முன் கேளுங்கள், எந்த ஸ்கேன் என்று

கருப்பையையும் சினைப்பைகளையும் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வருபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு நெளிந்தபடி உட்கார்ந்திருப்பார் ஒரு அம்மா. முறை வந்ததும், “பாத்ரூம் போயிட்டு வாங்கம்மா, உங்களுக்கு உள் ஸ்கேன்” என்பார்கள். அவர் பட்ட அவஸ்தை வீண். எந்த வழியில் பார்க்கப் போகிறார்கள் என்று நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பதற்குத்தான் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். குடலில் உள்ள காற்று ஒலி அலையை மறித்துவிடும். நிறைந்த பை அந்தக் குடலை ஒதுக்கித் தள்ளி, கருப்பைக்கு ஜன்னல் திறந்துவிடுகிறது. அதற்காக முட்டமுட்டக் குடிப்பதும் தப்பு. பை ரொம்பப் பெருத்தால் கருப்பையை அமுக்கி, படத்தையே கோணலாக்கிவிடும்.

யோனி வழியாகப் பார்க்கும் உள் ஸ்கேனுக்குப் பை காலியாக இருக்க வேண்டும். கருவிக்கு மாட்டும் உறை பெரும்பாலும் லேடெக்ஸ். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள் ஸ்கேனில் நுணுக்கம் அதிகம், எட்டும் ஆழம் குறைவு. அதனால், “உள்ளே பார்த்தாச்சே, மேலே எதற்கு?” என்று கிளம்பிவிடாதீர்கள். தொப்புள்வரை வளர்ந்த நார்க்கட்டி உள் ஸ்கேனுக்கு முழுசாக அகப்படாது.

எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு தவறு. கல்யாணம் ஆகாத பெண் என்றால் வயிற்றின் மேல் மட்டும் பார்த்து, ‘சினைப்பைகள் தெளிவாகத் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவது. கேட்க வேண்டியது கல்யாணம் ஆனதா என்றல்ல. உடலுறவு பற்றியும் விருப்பம் பற்றியும் அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும், பக்கத்தில் அம்மா இல்லாமல். யோனி வழி வேண்டாம் என்றால், அவள் சம்மதத்தோடு அதே கருவியை ஆசனவாய் வழியாக வைத்துப் பார்க்கலாம். கருப்பையும் சினைப்பைகளும் நன்றாகவே தெரியும்.

எதையும் உள்ளே செலுத்தாத வழியும் உண்டு: யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் மேல் கருவியை வைப்பது. வயதுக்கு வராத பெண்ணுக்கு மாதாமாதம் வயிற்றுவலி வந்தால், கன்னிச்சவ்வு அடைபட்டு உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். அதை இப்படிப் பார்க்கலாம். கருப்பை இறக்கத்துக்கும் இதே வழிதான். ஆனால் “முக்குங்க” என்றால், சிறுநீர் வந்துவிடுமோ என்ற கூச்சத்தில் பலர் இறுக்கிக்கொள்கிறார்கள். அப்போது இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். பையைக் காலி செய்துவிட்டு, தயங்காமல் முக்க வேண்டும்.

அப்புறம், கடைசியாகத் தீட்டு வந்த தேதி. அது இல்லாமல் கருப்பை உட்சவ்வின் தடிமனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் 12 மி.மீ. இருப்பது சகஜம். வயதாகி மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு ரத்தம் பட்டவருக்கு 4 மி.மீ.-ஐத் தாண்டினாலே அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.