வார்டில் போனும் கையுமாக: ஹவுஸ் சர்ஜன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புது பேட்ச் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்.பி.பி.எஸ். முடிவில் பயிற்சியில் இருப்பவர்கள், எங்கள் குழந்தைகள் வார்டுக்கு வந்தார்கள். மூன்றாவது நாளே ஒரு தம்பி, 2012-இல் நான் செய்த அதே தவறை அச்சு அசலாகச் செய்தார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், பாதி என்மேல். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ரவுண்ட்ஸில் ரீல்ஸ் பார்க்காதே, போனை சைலண்டில் போடு என்பதெல்லாம் இதில் வராது. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் பிரச்சினை வேறு. போனே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். முன்பு கோட் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்த மருந்துப் புத்தகம் இன்று போனுக்குள் போய்விட்டது. நல்லதுதான்.

ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா?

2012-இல் நான் ஹவுஸ் சர்ஜன். முதல் ஸ்டைபண்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன், அதில் ஒரு மருந்துச் செயலி. கூகுளே கையில் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்ற திமிரும் கூடவே இருந்தது. ஓர் இரவு டியூட்டியில் காய்ச்சல், காதுவலியோடு 12 கிலோ எடையுள்ள குழந்தை. "அமாக்சிசிலின் சிரப் எழுதிடுப்பா" என்று சொல்லிவிட்டு, மேற்படிப்பில் இருந்த பி.ஜி. அக்கா பிரசவ வார்டுக்கு ஓடிவிட்டார். செயலியைத் திறந்தேன். கிலோவுக்கு 40 மி.கி. என்று இருந்தது. பெருக்கினேன், 480. "480 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

சற்று நேரத்தில் ஸ்டாஃப் நர்ஸ் அம்மா கேஸ் ஷீட்டோடு வந்தார். "டாக்டர், நம்மகிட்ட 125 சிரப்தான் இருக்கு. ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன் வருதே, குழந்தை குடிக்குமா?"

மறுபடி திறந்து பார்த்தேன். அந்த 40 மி.கி. ஒரு நாள் முழுவதற்கும் ஆனது. மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவும் என்ற வரி திரைக்குக் கீழே ஒளிந்திருந்தது. கட்டைவிரலை ஓர் அங்குலம் நகர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். கொடுக்க வேண்டியது வேளைக்கு 160 மி.கி., அதாவது ஐந்து மி.லி.க்கு 125 மி.கி. உள்ள அந்த சிரப்பில் 6.4 மி.லி. நான் எழுதியது அதைப் போல மூன்று மடங்கு.

அமாக்சிசிலினாகப் போனதால் பிழைத்தேன். கொடுத்தே இருந்தாலும் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போயிருக்கும். இதே கணக்கை அமிகாசின் ஊசியில் போட்டிருந்தால்? அதன் அளவும் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 மி.கி. என்றுதான் எழுதியிருக்கும். அதை வேளைக்கு என்று படித்து மூன்று வேளை கொடுத்தால் சிறுநீரகமும் காதும் பழுதாகலாம் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் அந்தத் தம்பி எழுதியது அமிகாசின்தான். மறுபடியும் தடுத்தது ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான்.

புத்தகத்திலும் இந்தத் தவறு நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புத்தகத்தில் பக்கம் முழுக்கக் கண்ணில் படும். போனில் தேடிய எண் கிடைத்ததும் விரல் நின்றுவிடுகிறது. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது, அளவு ஏன் இவ்வளவு என்று கேட்டால் "ஆப்ல அப்படித்தான் சார் இருக்கு" என்று வரும் பதில். கையெழுத்துப் போடுவது நீங்களா, ஆப்பா?

இந்தத் தவறுக்குக் கூடப்பிறந்தது ஒன்று உண்டு: பாராசிட்டமால். குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். 125 சிரப்பில் ஐந்து மி.லி.க்கு 125, அதாவது மி.லி.க்கு 25தான். அப்புறம் 250 சிரப் வேறு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. கொடுக்க 125 சிரப் என்றால் 6 மி.லி., டிராப்ஸ் என்றால் ஒன்றரை மி.லி. செயலி 150 மி.கி. என்று சரியாகவே சொல்லும். அம்மாவின் பையில் எந்த பாட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என்னிடம் வருகிறவர்களை இப்போது நான் செய்யச் சொல்வது இதுதான். போனைத் திறக்கும் முன்பே எடையைச் சொல்லி, மருந்தளவு சுமாராக எவ்வளவு வரும் என்று வாய்விட்டு ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. திரையில் வரும் எண்ணும் ஊகமும் எட்டாத தூரத்தில் இருந்தால் யாராவது ஒருவர் தவறு. எண்ணைப் படிக்கும்போது 'நாளைக்கு', 'வேளைக்கு' என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடைசியாக மி.கி.யை ஸ்பூனாகவோ ஆம்பியூலாகவோ மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன், மூன்று ஆம்பியூல் என்று வந்தால் பேனா நிற்கட்டும். நர்ஸ் அம்மாவுக்கு அன்று சந்தேகம் வந்தது ஸ்பூனால்தான், மில்லிகிராமால் அல்ல. இன்னொன்று, பதின்மூன்று வயதில் 65 கிலோ இருக்கும் பையனுக்குக் கிலோ கணக்கில் பெருக்கிக்கொண்டே போனால் பெரியவர்களுக்கான அளவையே தாண்டிவிடும். அந்த வரம்பையும் பாருங்கள்.

அமெரிக்காவில் செய்த செயலி

நீங்கள் பயன்படுத்தும் செயலிகளில் பல அமெரிக்க மருத்துவர்களுக்காகச் செய்தவை. அங்கே பாராசிட்டமால் என்றால் அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் என்றால் அல்பூட்டரால், அட்ரினலின் என்றால் எபினெஃப்ரின். மருந்தகத்தில் அல்பூட்டரால் கேட்டு, இல்லை என்றதும் "ஸ்டாக் இல்ல மேடம்" என்று திரும்பி வந்த ஒரு புத்திசாலி மாணவர் எங்களிடம் இருந்தார். இதில் சிரிக்கலாம். எடைக் கட்டத்தில் பவுண்டு இருப்பதைக் கவனிக்காமல் கிலோவைத் தட்டுவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அளவு பாதிக்கும் கீழே போய்விடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 90 என்று எங்காவது பார்த்துப் பதறினால் அலகைப் பாருங்கள். அது மைக்ரோமோல் கணக்கு, நம் ஊர்க் கணக்கில் 1 மி.கி.

எக்ஸ்ரேயை போட்டோ எடுப்பது

சீனியருக்குக் காட்ட எடுப்பீர்கள், தெரியும். நானும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நோயாளியின் பெயர் தெரியக் கூடாதென்று ஓரத்தை வெட்டும்போது வலது, இடது குறியையும் சேர்த்து வெட்டிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். அதில் சிறிய நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) தெரியாமல் போகலாம். "போட்டோவில் நார்மல்" என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள், படத்தை நேரில் பாருங்கள்.

நோயாளியையே படம் எடுப்பது தனிக் கதை. ஒரு மாணவி அனுமதி கேட்டு, முகம் வராமல், முறையாகத்தான் ஒரு தோல் நோயைப் படம் எடுத்தார். போன் அதைத் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏற்றியது. அந்தக் கணக்கு வீட்டு டிவியிலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா கல்யாண ஆல்பத்துக்கு நடுவே ஒரு குழந்தையின் முதுகு. அப்பா கேட்டிருக்கிறார், "இது யாரும்மா?" தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் கேலரியில் சேர்வதையும் நிறுத்துங்கள். வேலை முடிந்த படத்தை அன்றே அழியுங்கள்.

போன் டார்ச்சில் மஞ்சள் காமாலை பார்ப்பது

ஜன்னலருகே கூட்டிப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்மணி பார்க்க பேனா டார்ச் வாங்குங்கள். கண்கூசி இமையை மூடிக்கொள்ளும் குழந்தையிடம் எதையும் பார்க்க முடியாது.

சொல்லாமல் போனைப் பார்ப்பது

நீங்கள் மருந்தளவு தேடுகிறீர்கள் என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? "புள்ள மூச்சு வாங்குது, டாக்டர் செல்லு நோண்டுறாரு" என்றுதான் அட்டெண்டர் பெஞ்சில் பேச்சு ஓடும். "மருந்து அளவு பார்க்கிறேன் பாட்டி" என்று ஒரு வார்த்தை. திரையை அவர் பக்கம் லேசாகத் திருப்பினால் இன்னும் நல்லது.

நோயாளி இருக்கும்போது கேள்வி வங்கி

நுழைவுத் தேர்வு முக்கியம்தான். ஆனால் நீங்கள் கேட்டுப் பழக வேண்டிய முர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் ஒலி) எட்டாவது கட்டிலில் இருக்கிறது, அது நாளைக்கு டிஸ்சார்ஜ்.

க்ளவுஸோடு போனைத் தொடுவது

கூடாது.

கை கழுவிவிட்டு போனைத் தொடுவது

மறுபடி கழுவுங்கள்.

சார்ஜ் போடுவது

வார்டில் எந்த பிளக்கையும் பிடுங்காதீர்கள். ஒருமுறை பிடுங்கப்பட்டது, நோயாளிக்குச் சீராக மருந்து ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்.