செரீன் வேறு, டிராங்க்வில் வேறு: 'அமைதி'யை ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் தவறுகள்

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பூங்கா வந்தால் அது 'செரீன்' ஆக இருக்கும், இல்லாவிட்டால் 'டிராங்க்வில்' ஆக இருக்கும். கட்டுரைக்கு 150 சொற்களாவது வேண்டும் என்பதால், துணைப்பாட வகுப்பில் கொடுக்கும் 'நல்ல சொற்கள்' பட்டியலிலிருந்து கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு சொற்களுக்கும் எதிரே அம்மாவோ அப்பாவோ பென்சிலால் எழுதி வைத்திருப்பது ஒரே பொருள்: அமைதி.

பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. நம் 'அமைதி' அவ்வளவு தாராளமான சொல். கத்தும் பிள்ளையிடம் 'அமைதியா இரு' என்றால் வாயை மூடு என்று பொருள். சண்டைக்கு நிற்பவரிடம் அதையே சொன்னால் ஆத்திரத்தை அடக்கு என்று பொருள். போர் ஓய்ந்த நாட்டிலும் அமைதிதான், நள்ளிரவுத் தெருவிலும் அமைதிதான், கண்மூடிக் கும்பிட்டு நிற்பவர் முகத்திலும் அமைதிதான். ஆங்கிலம் இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிள்ளைக்குக் 'கொயட்', கோபக்காரருக்குக் 'காம்', நாட்டுக்குப் 'பீஸ்'. கடைசியாகச் சொன்ன முகத்துக்குத்தான் 'செரீன்'.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் அடிக்கடி காதில் விழும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'எங்க பையன் ரொம்ப அமைதி' என்பதை 'மை சன் இஸ் எ சைலன்ட் பாய்' என்கிறார்கள். 'பீஸ்ஃபுல் பாய்' என்பவர்களும் உண்டு. முதலாவதைக் கேட்டால் பையன் பேசவே மாட்டான் போலிருக்கிறது என்று ஆசிரியர் நினைப்பார். இரண்டாவதைக் கேட்டால், மற்ற பிள்ளைகளெல்லாம் கலகக்காரர்களா என்று தோன்றும். 'கொயட் பாய்' போதும்.

வானமும் கடலும்

செரீன், டிராங்க்வில் இரண்டும் லத்தீன் வழி வந்தவை. 'செரேனுஸ்' என்றால் மேகமில்லாத, தெளிந்த வானம். 'டிராங்குவில்லுஸ்' என்பதைப் பெரும்பாலும் அலையடங்கிய கடலுக்கும் காற்றடங்கிய பொழுதுக்கும் சொன்னார்கள். ஒன்றில் தெளிவு, மற்றொன்றில் அடக்கம்.

இந்த இரண்டு சொற்களும் நிலவில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இத்தாலிய வானியலாளர் ரிச்சோலி 1651இல் வெளியிட்ட நிலவுப் படத்தில் அங்குள்ள கருநிறச் சமவெளிகளைக் கடல்கள் என்று குறித்து, பலவற்றுக்கு வானிலையை வைத்தே பெயரிட்டார்: மழைக் கடல், மேகக் கடல், புயல் பெருங்கடல். நல்ல வானிலையின் பெயர் பெற்றவற்றில் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று டிராங்க்விலிட்டி, மற்றொன்று செரெனிட்டி. 1969 ஜூலை 20இல் அப்பல்லோ 11 இறங்கியது முதலாவதில். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இறங்கியது இரண்டாவதன் தென்கிழக்கு ஓரத்தில். தமிழில் முதலாவதை அமைதிக் கடல் என்று எழுதிப் பழகிவிட்டோம். இரண்டாவதற்கும் அதே பெயரைச் சூட்டினால் எந்த விண்கலம் எங்கே இறங்கியது என்பதே குழம்பிவிடும். என்னைக் கேட்டால் அதைத் தெளிவுக் கடல் என்பேன்.

இன்றைய ஆங்கிலத்திலும் அந்தப் பழைய வேறுபாடு தொடர்கிறது. டிராங்க்வில் என்றால் குலைக்க எதுவும் வராத நிலை. அதனால் அது பெரும்பாலும் இடத்தோடும் சூழலோடும் வாழ்க்கை முறையோடும் சேரும். செரீன் என்றால் கலக்கம் படியாத தெளிவு. முகம், புன்னகை, மனம், வானம் இவற்றோடு அது இயல்பாக ஒட்டிக்கொள்ளும்.

நம் பெரியவர்கள் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவுக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். அன்னப்பறவை ஏரியில் அலையில்லை, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்கூடத் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். அந்த இடம் டிராங்க்வில். கரையில் ஒரு பாட்டி பெஞ்சில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக் கண்மூடியிருக்கிறார். அவர் முகம் செரீன். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்து வருகிறது, கொடி பிடித்த வழிகாட்டியும் ஒலிபெருக்கியும் பின்னால் நாற்பது பேரும். ஏரிக்கரையின் டிராங்க்விலிட்டி போயே போய்விட்டது. பாட்டியின் செரெனிட்டி போகவேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தச் சொல்லைப் போடுவது என்று தயங்கும்போது இந்தக் கேள்வி உதவும்: ஒரு கூட்டம் உள்ளே வந்தால் இது கலைந்துவிடுமா? கலையும் என்றால் பெரும்பாலும் டிராங்க்வில்தான்.

இதைவிடத் துலக்கமாகத் தெரியவேண்டுமென்றால் தைப்பூசத்தைப் பாருங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை கூட்டம், அரோகரா, வெயில். அன்று அந்தச் சாலையை டிராங்க்வில் என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். ஆனால் அலகு குத்திக் காவடி சுமந்து வரும் ஒருவர் முகத்தில், இத்தனைக்கும் நடுவே, எதுவும் தொடாத ஒரு பார்வை இருக்குமே, அதற்குச் செரீன் என்பதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் கிடைப்பது கடினம்.

இதையே சட்டமாக்கிவிடவும் கூடாது. 'செரீன் லேக்' என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் அடிப்பது அநியாயம். நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் ஏரியைச் செரீன் என்கிறார்கள், மனத்தை டிராங்க்வில் என்கிறார்கள். இரண்டும் பாதிக்குப் பாதி ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று கிடக்கும் சொற்கள். ஆனால் 'டிராங்க்வில் ஸ்மைல்' என்றால் காதில் இடறும். 'செரீன் லைஃப் இன் தி வில்லேஜ்' என்பதைவிட 'டிராங்க்வில் லைஃப்' இயல்பாக விழும். பிழை என்று சொல்வதைவிட இடறல் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஒரே பத்தியில் இரண்டையும் திணிப்பதுதான் உண்மையான குற்றம். 'செரீன் அண்ட் டிராங்க்வில் பார்க்' என்று எழுதினால் மதிப்பெண் இரட்டிப்பாகாது.

காம் என்பது இன்னொரு கணக்கு

மூன்றாவதாக உள்ளே நுழைந்து குழப்புவது 'காம்'. எழுத்தில் எல் இருந்தாலும் வாயில் வராது. கால்ம் என்று சொல்வது நம்மவர்களிடம் பரவலான உச்சரிப்புப் பிழை.

இந்தச் சொல் இத்தாலிய மொழி வழியாக, வெக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. உச்சிவெயிலில் ஊரே ஒடுங்கிப் படுத்துக்கிடக்கும் நேரம். சிங்கப்பூரில் பிற்பகல் இரண்டு மணியை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மாலுமிகளிடம் அது காற்று நின்ற நிலை ஆனது. காற்றின் வலுவை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலில் சுழியத்தின் பெயரே காம். புகை நேர்மேலே எழும்பும், கடல் கண்ணாடிபோல் கிடக்கும்.

காற்று நின்றிருக்கிறது என்றால் திரும்ப வீசும் என்றுதான் பொருள். அதனால் காம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கொந்தளிப்பு ஒளிந்திருக்கும். வந்து போனதாகவோ, வரப்போவதாகவோ, சுற்றிலும் நடந்துகொண்டிருப்பதாகவோ இருக்கும். சுமத்ரா புயற்காற்று விடியற்காலையில் வந்து ஜன்னலை அறைவதற்கு முன் இலை அசையாமல் ஒரு புழுக்கம் இருக்குமே, அது காம். அதைச் செரீன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு வேறுபாடு இலக்கணத்தில் இருக்கிறது. காம் வினையாகவும் வேலை செய்யும். 'காம் டவுன்' என்று ஒருவரிடம் சொல்லலாம். தீ எச்சரிக்கை மணி அடித்தால் 'ஸ்டே காம்' என்பார்கள். 'ஸ்டே செரீன்' என்று அறிவிப்பு வந்தால் எல்லாரும் திகைத்து நிற்பார்கள். காமாக இரு என்று கட்டளையிடலாம், செரீனாக இரு என்று கட்டளையிட முடியாது.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இது மிகவும் முக்கியம். 'ஐ ஆம் எ செரீன் பெர்சன்' என்று எழுதினால், தேர்வாளர் யோகா ஆசிரியர் வேலைக்கு வந்த கடிதமோ என்று நினைப்பார். நெருக்கடியிலும் பதறமாட்டேன் என்று சொல்ல விரும்பினால் 'காம் அண்டர் பிரஷர்' என்பதே வழக்கு.

கேட்டால் வேறு பொருள் தரும் இடங்கள்

டிராங்க்வில் வினையாகும்போது மருந்துக்கடைக்குள் போய்விடுகிறது. 'டிராங்க்விலைசர்' என்றால் மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்து, அல்லது விலங்குகளைப் பிடிக்கச் சுடும் மயக்க ஊசி. வீணைக் கச்சேரிக்கான ஆங்கில அறிமுகத்தில் 'டிராங்க்விலைசிங் மியூசிக்' என்று போட்டால், கேட்பவர்கள் சரிந்து விழுந்தார்கள் என்ற தோற்றம் வரும். 'சூதிங்' போதும், 'காமிங்' என்றாலும் சரி.

'செரீன்லி' என்ற வினையடையில் ஒரு மெல்லிய குத்தல் உண்டு. வீடு பற்றி எரியும்போதும் ஒருவர் எதுவும் தெரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தால் 'செரீன்லி அன்அவேர்' என்பார்கள். மேலதிகாரியைப் பாராட்டி எழுதும் பிரியாவிடை மடலில் அவர் சிக்கல்களைச் 'செரீன்லி' கையாண்டார் என்று எழுதுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். கண்டுகொள்ளவே இல்லை என்று படித்துவிடக்கூடும்.

மரண அறிவிப்புகளில் இந்தத் தவறு மனத்தை உறுத்தும். அடுத்த புளோக்கில் இருக்கும் ஒரு தம்பி, பாட்டி இறந்ததும் ஆங்கில நாளிதழுக்கு அனுப்ப எழுதிய வரிகளைக் கொண்டுவந்தார். "அண்ணே, பீஸ்ஃபுல்லினு எல்லாரும் போடுறாங்க. நான் டிராங்க்வில்லினு மாத்திட்டேன், நல்லா இருக்கா?" நல்லா இல்லை. 'பாஸ்ட் அவே பீஸ்ஃபுல்லி' என்பது நாம் 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதுவதைப் போன்ற உறைந்த வழக்கு. அங்கே புதுச்சொல் தேடினால், துக்கத்தைவிட அகராதிதான் முன்னால் வந்து நிற்கும். பழைய சொல்லையே திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பற்றி நகர மன்றத்துக்கு எழுதும்போதும் இப்படித்தான். செரெனிட்டி வேண்டும் என்று கேட்டால் ஆசிரமத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். 'பீஸ் அண்ட் கொயட்' என்று கேளுங்கள். வீடு விற்கும் விளம்பரங்களுக்கு மட்டும் இந்த விதி எதுவும் பொருந்தாது. பிஐஇ விரைவுச்சாலையை ஒட்டிய கட்டடத்தையும் செரீன் என்று எழுத அவர்களுக்குத் தனி உரிமை இருக்கிறது போலும்.

பட்டங்களிலும் செரீனுக்கு இடம் உண்டு, டிராங்க்விலுக்கு இல்லை. மொனாக்கோ இளவரசரைச் 'செரீன் ஹைனஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். பழைய வெனிஸ் குடியரசுக்கும் 'மிகச் செரீனான குடியரசு' என்றே பெயர். இவற்றை 'அமைதியான மேதகு' என்று பெயர்த்தால் பொருளே வராது. 'மேன்மை தங்கிய' என்பதே போதும்.

ஒலி ஒற்றுமையால் வரும் மயக்கங்கள்

செந்தோசா என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் சந்தோஷம் நினைவுக்கு வருகிறது. வேரும் ஒன்றுதான், இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை. ஆனால் மலாயில் அதன் பொருள் மகிழ்ச்சி இல்லை, அமைதி. 1970களின் தொடக்கத்தில் இந்தப் பெயர் வருவதற்கு முன் அந்தத் தீவு புலாவ் பிளாக்காங் மாத்தி. மாத்தி என்றால் மரணம். மரணத்தை நீக்கி அமைதியைச் சூட்டினார்கள். சமஸ்கிருத மூலத்துக்குப் போதும் என்ற மனநிறைவு என்று பொருள், அது செரெனிட்டிக்கு மிக அருகில் வருகிறது. ஆகவே செந்தோசாவைச் 'சந்தோஷத் தீவு' என்று மொழிபெயர்க்காதீர்கள், அங்குள்ள கேளிக்கைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றினாலும்.

'செரண்டிபிட்டி'யைச் செரெனிட்டியின் அக்கா என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உறவே இல்லை. தேடாதபோது நல்லது கிடைப்பதைக் குறிக்க, இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்பை வைத்து 1754இல் ஹொரேஸ் வால்போல் உருவாக்கிய சொல் அது.

உச்சரிப்பில் கவனிக்கவேண்டியது ஒன்று. செரீன் என்று நீட்டுகிறோம், ஆனால் பெயர்ச்சொல்லாகும்போது நீட்டல் போய்விடும். செரெனிட்டிதான், செரீனிட்டி இல்லை. டிவைன் டிவினிட்டி ஆவதும் சேன் சானிட்டி ஆவதும் இதே வழிதான்.

எழுத்துக்கூட்டலில் தடுமாற்றம் டிராங்க்விலிட்டிக்குத்தான். நம் பள்ளிகள் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல். அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்துவதால் நாசாவின் ஆவணங்களில் நிலவுத் தளத்தின் பெயர் ஒரு எல் குறைந்தே இருக்கும். பிள்ளை இணையத்தில் பார்த்து அப்படி எழுதினால் அறியாமை என்று திட்டவேண்டாம். கட்டுரை முழுக்க ஒரே முறையில் எழுதச் சொல்லுங்கள். டிராங்க்விலுக்கு மட்டும் எந்த நாட்டிலும் ஒரே எல்.