ஸ்க்ரூட்டினி: வன்தட்டுகளின் நலத்தை டாக்கர் வழியாகக் கண்காணிக்கும் முறை

இன்று விற்கப்படும் ஏறக்குறைய எல்லா வன்தட்டுகளும் எஸ்எஸ்டிகளும் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் எனப்படும் அந்தக் குறிப்புகளை ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் எந்த லினக்ஸ் கணினியிலும் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டளை இந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். போன மாதம் 0 ஆக இருந்த ஓர் எண் இன்று 8 ஆகியிருப்பதை அது சொல்லாது, வன்தட்டு விஷயத்தில் நமக்கு வேண்டியதோ அந்த மாற்றம்தான். ஸ்க்ரூட்டினி என்ற திறமூல மென்பொருள் ஸ்மார்ட்சிடிஎல் தரும் விவரங்களை நாள்தோறும் சேகரித்து, தரவுத்தளத்தில் சேமித்து, உலாவியில் காணக்கூடிய டாஷ்போர்டாகத் தருகிறது.

லினக்ஸ் கணினி ஒன்றில் டாக்கரும் (மென்பொருளைக் கன்டெய்னர் எனும் தனி உறைக்குள் இயக்கும் கருவி) அதன் அமைப்புகளை ஒரே கோப்பில் எழுதி இயக்க உதவும் டாக்கர் கம்போஸும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கின்றன என்ற அடிப்படையில் இந்த விளக்கம் அமைந்துள்ளது. விண்டோஸ், மேக் கணினிகளில் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு மெய்நிகர் கணினிக்குள் இயங்குவதால், உள்ளிருக்கும் கன்டெய்னருக்கு உண்மையான வன்தட்டு புலப்படாது. உங்கள் லினக்ஸ் சர்வரே மெய்நிகர் கணினியாக இருந்தாலும் இதே சிக்கல்தான். அப்போது அதைத் தாங்கும் மூலக் கணினியில் நிறுவுங்கள். கட்டளைகளின் ஒலிப்பையே இங்கே தமிழில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

முதல் படி: தட்டுகளைக் கணக்கெடுத்தல்

டெபியன், உபுன்டு கணினிகளில் ஏபிடி வழியாக ஸ்மார்ட்மான்டூல்ஸை நிறுவிக்கொண்டு, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ரூட் உரிமையுடன் ஸ்கேன் என்ற விருப்பத்தோடு இயக்குங்கள். கணினியில் உள்ள தட்டுகளின் பெயர்கள் டெவ் கோப்புறைப் பாதையுடன் வரிசையாக வரும். சாட்டா கேபிளில் இணையும் தட்டுகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், என்விஎம்இ எனும் அதிவேக எஸ்எஸ்டி வகைத் தட்டுகள் என்விஎம்இ0 என்றும் இருக்கும். என்விஎம்இ தட்டுகளை வேறு கருவிகள் என்விஎம்இ0என்1 என்று காட்டக்கூடும். அந்த நீண்ட பெயர் சேமிப்புப் பரப்பைக் குறிப்பது, நமக்கு வேண்டியது கட்டுப்படுத்தியைக் குறிக்கும் குறுகிய பெயர். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் தட்டு விவரம் தர மறுத்தால், சாட் என்ற வகையை வெளிப்படையாகக் குறிப்பிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் அந்தப் பெட்டியின் சிப் ஸ்மார்ட் கேள்விகளைக் கடத்துவதில்லை என்று கொள்ளலாம். கன்டெய்னரால் அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாம் படி: கம்போஸ் கோப்பு

ஸ்க்ரூட்டினிக்கு மூன்று உறுப்புகள் உண்டு: விவரம் திரட்டும் கலெக்டர், வலைப்பக்கம், இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுத்தளம். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து கண்காணிப்போர் இவற்றைத் தனித்தனியாக நிறுவலாம் என்றாலும், தொடக்கநிலையாளருக்கு மூன்றும் அடங்கிய ஆம்னிபஸ் இமேஜே (கன்டெய்னரை உருவாக்கப் பயன்படும் ஆயத்தத் தொகுப்பு) ஏற்றது. கிட்ஹப்பின் கன்டெய்னர் களஞ்சியத்தில் அனலாக்ஜே என்ற கணக்கின் கீழ், மாஸ்டர்-ஆம்னிபஸ் என்ற குறியுடன் அது கிடைக்கிறது. புதிய கோப்புறை ஒன்றில் கம்போஸ் கோப்பை உருவாக்கி, அந்த இமேஜைக் குறிப்பிட்டு, கன்டெய்னருக்கு ஸ்க்ரூட்டினி என்றே பெயரிடுங்கள்.

போர்ட்ஸ் பகுதியில் 8080 போதும். பல எடுத்துக்காட்டுகளில் 8086 என்ற போர்ட்டும் திறக்கப்பட்டிருக்கும். அது தரவுத்தளத்துக்கு உரியது, அதை நேரடியாகத் திறந்து பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் தேவையில்லை. ஸ்க்ரூட்டினியில் பயனர்பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது என்பதால், ரவுட்டரில் இந்தப் போர்ட்டுகளை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியே வருவதே முறை.

வால்யூம்ஸ் பகுதியில் மூன்று இணைப்புகள் வேண்டும். கணினியின் ரன் கோப்புறைக்குள் உள்ள யுடெவ் என்ற கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதியுடன் அதே பாதையில் இணையுங்கள். தட்டுகளைப் பற்றிய அடிப்படை விவரம் அங்கிருந்து வருகிறது. அடுத்து, கன்டெய்னரின் ஆப்ட் கோப்புறையில் ஸ்க்ரூட்டினிக்குக் கீழே உள்ள கான்ஃபிக், இன்ஃப்ளக்ஸ்டிபி ஆகிய இரண்டையும் உங்கள் கணினியின் கோப்புறைகளோடு இணையுங்கள். கடைசி இணைப்பு விடுபட்டால் எல்லாம் இயங்கும், ஆனால் இமேஜைப் புதுப்பித்துக் கன்டெய்னரை மறுபடி உருவாக்கும் நாளில் அதுவரை சேர்ந்த வரலாறு முழுவதும் போய்விடும்.

உரிமைகள் பகுதியில்தான் கவனம் தேவை. தட்டுகளோடு நேரடியாகப் பேச, கேப்-ஆட் என்ற பகுதியில் சிஸ்-ராஐஓ என்ற திறன் வேண்டும் (கோப்பில் இந்தப் பெயர்களின் நடுக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு இடுங்கள்). என்விஎம்இ தட்டு இருந்தால் மட்டும் சிஸ்-அட்மினும் சேர வேண்டும். இவற்றுக்குப் பதிலாகப் பிரிவிலெஜ்டு என்ற ஒற்றை வரியை எழுதிவிடலாம் என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும், வேலையும் நடக்கும். ஆனால் அது ஓர் அலமாரியைப் பார்க்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போன்றது. டிவைசஸ் பகுதியில், முதல் படியில் கண்ட தட்டுகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கணினியை மறுமுறை இயக்கும்போது எஸ்டிஏ எஸ்டிபியாக மாறிவிட்டாலும் வரலாறு குழம்பாது. ஒவ்வொரு தட்டையும் அதன் உலகளாவிய அடையாள எண்ணைக் கொண்டே ஸ்க்ரூட்டினி இனங்காண்கிறது.

மூன்றாம் படி: இயக்கிப் பார்த்தல்

அந்தக் கோப்புறையிலிருந்தே டாக்கர் கம்போஸ் அப் கட்டளையைப் பின்னணியில் இயங்கும்படி டி விருப்பத்துடன் கொடுங்கள். உலாவியில் சர்வரின் முகவரியையும் 8080 என்ற போர்ட்டையும் இட்டால் வெற்றுப் பக்கம்தான் வரும். அது பிழையன்று, கலெக்டர் நாளுக்கு ஒருமுறை நள்ளிரவில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது, கன்டெய்னரின் கடிகாரமோ பொதுவாக யூடிசி நேரத்தில் இருப்பதால் அது இந்திய நேரப்படி காலை 5.30 மணி. காத்திருக்க வேண்டாமென்றால், டாக்கர் எக்ஸெக் வழியாகக் கன்டெய்னருக்குள் ஸ்க்ரூட்டினி-கலெக்டர்-மெட்ரிக்ஸ் என்ற நிரலை ரன் என்ற சொல்லுடன் இயக்கினால் தட்டுகள் உடனே பக்கத்தில் தோன்றும். ஏதேனும் தட்டு விடுபட்டிருந்தால் டிவைசஸ் பகுதியையும், எல்லாமே அனுமதி மறுக்கப்பட்டதாகப் பிழை வந்தால் கேப்-ஆட் பகுதியையும் சரிபாருங்கள்.

நான்காம் படி: எண்களைப் படித்தல்

உற்பத்தியாளர்கள் வைக்கும் எச்சரிக்கை எல்லைகள் மிகத் தாராளமானவை. தட்டு ஏறக்குறைய படுத்த பிறகே பல வேளைகளில் ஸ்மார்ட் தேர்வில் தோல்வி என்று வரும். எனவே ஸ்க்ரூட்டினி, பேக்பிளேஸ் என்ற மேகச் சேமிப்பு நிறுவனம் 2013 முதலான தன் தட்டுகளைப் பற்றி வெளியிட்டுவரும் பழுதுத் தரவுகளையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. இந்த இரண்டில் எதை ஏற்பது, அல்லது இரண்டையும் ஏற்பதா என்பதை அமைப்புகள் பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். சிவப்பாக ஒன்று தெரிந்தவுடன் தட்டைக் கழற்றாமல், எந்தப் பண்பு (எண்ணிட்ட ஸ்மார்ட் குறிப்புகளில் ஒன்று) அதற்குக் காரணம் என்று திறந்து பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை 5, 187, 188, 197, 198 ஆகிய எண்ணுள்ள பண்புகள். இவற்றில் 5 மாற்றிவைக்கப்பட்ட செக்டார்களையும் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களையும் சொல்கின்றன. ஐந்தாம் பண்பு நெடுநாளாக 8 என்றே நிற்கும் தட்டைவிட, ஒரு வாரத்தில் 0, 4, 20 என்று ஏறும் தட்டே எனக்குக் கவலை தரும். 199 கூடினால் பெரும்பாலும் சாட்டா கேபிளே குற்றவாளி. சீகேட் தட்டுகளில் 1, 7 ஆகிய பண்புகளின் மூல எண் கோடிக்கணக்கில் தெரிவது இயல்பு. பிழைகளின் எண்ணிக்கையோடு மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் அந்த ஒரே எண்ணில் அடைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கணிப்புக்கும் எல்லை உண்டு. கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பச்சை நிற டாஷ்போர்டை நம்பி காப்புப் பிரதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐந்தாம் படி: எச்சரிக்கை

கான்ஃபிக் கோப்புறையில் ஸ்க்ரூட்டினி.யாமல் என்ற கோப்பை உருவாக்கி, நோட்டிஃபை பகுதியின் யூஆர்எல்ஸ் பட்டியலில் டெலிகிராம், டிஸ்கார்டு, மின்னஞ்சல் போன்றவற்றின் முகவரியை ஷவுட்ரர் என்ற அறிவிப்பு அனுப்பும் கருவியின் வடிவில் எழுதினால் செய்தி வந்து சேரும். எழுதியபின் கன்டெய்னரை மறுமுறை இயக்கி, ஏபிஐ, ஹெல்த், நோட்டிஃபை என்ற பாதைக்குக் கர்ல் என்ற கட்டளை மூலம் போஸ்ட் வகைக் கோரிக்கை அனுப்பிச் சோதியுங்கள்.

எச்சரிக்கை வந்தால் முதலில் காப்புப் பிரதியை முடித்துக்கொண்டு, பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு நீண்ட சுயசோதனையை நீங்களே தொடங்குங்கள். ஸ்க்ரூட்டினி விவரங்களைப் படிக்குமே தவிர, சோதனையை ஓட்டாது. 10 டெராபைட் தட்டில் இதற்கு அரை நாளுக்கு மேலும் ஆகலாம், இடையில் தட்டை வழக்கம்போலப் பயன்படுத்தலாம். சோதனை பாதியில் படிப்புப் பிழையோடு நின்றால் தட்டை மாற்றிவிட்டு, கம்போஸ் கோப்பில் பெயர்களைத் திருத்தி, பழைய தட்டின் பதிவை டாஷ்போர்டிலிருந்து நீக்கிவிடுங்கள்.