ஜன்னல் மாற்ற ஆள் தேடுகிறீர்களா? அவர் டேப் பிடிப்பதை முதலில் பாருங்கள்

பழைய ஜன்னலைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாம் என்று முடிவெடுத்ததும் நாம் உட்கார்ந்து ஆராய்வதெல்லாம் சட்டம் யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக்கா அலுமினியமா, ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா என்பதைத்தான். தேவைதான். ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் கண்ணாடி வழியாக இல்லை, சட்டமும் சுவரும் சேருகிற இடுக்கு வழியாக. அந்த இடுக்கு தொழிற்சாலையில் தயாராகி வருவதில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை வந்தவர் டேப்பை ஜன்னலின் நடுவில் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை பிடித்தார், பத்தே நிமிடத்தில் ஐந்து ஜன்னலையும் அளந்துவிட்டார். என்ன வேகம் என்று நான் வேறு வியந்தேன். ஜன்னல்கள் வந்தபோது ஒன்றில் விரல் நுழைகிற சந்து, இன்னொன்று உள்ளேயே போகவில்லை, சுவரைக் கொத்தினார்கள். "சிலிக்கான் அடிச்சா சரியாயிடும் சார்" என்றார், இடுக்கை அடைக்கிற பசையைத்தான் சொன்னார். முதல் மழையிலேயே ஒழுகியது.

படி 1: யாரையும் கூப்பிடும் முன்

ஒவ்வொரு ஜன்னலுக்கும் என்ன குறை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கதவு சிக்குகிறதா, தண்ணீர் வருகிறதா, எந்த மூலையில் வருகிறது, மரம் உளுத்துவிட்டதா. சில ஜன்னல்களுக்கு ரப்பர் பட்டையோ கீலோ மாற்றினாலே போதும். அதை உங்களிடம் சொல்லித் தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொள்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: குறைந்தது மூன்று பேர்

அக்கம்பக்கத்தில், தெரிந்தவர்களிடத்தில் விசாரியுங்கள். போன வாரம் முடித்த வேலையைக் காட்டினால் பயனில்லை, புது ஜன்னல் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலமாவது தாண்டிய வேலையைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் உள்பக்கம் கீழ் மூலைகளில் சுவர் ஊறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்புறம் ஒரு கேள்வி: மாட்டப்போவது உங்கள் ஆட்களா, வேறு யாரிடமாவது கைமாற்றிவிடுவீர்களா? கைமாற்றுவது குற்றமில்லை, ஆனால் பிழை வந்தால் யார் பொறுப்பு என்று அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் அல்லது பதிவு, வேலையாட்களுக்குக் காப்பீடு, இவற்றையும் கேட்டுவிடுங்கள்.

படி 3: அளக்கும்போது கூடவே நில்லுங்கள்

ஆளை எடைபோட இதைவிட நல்ல நேரம் கிடையாது. வேலை தெரிந்தவர் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளப்பார், உயரத்தையும் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று இடத்தில் அளப்பார், இரண்டிலும் சிறிய அளவைத்தான் குறித்துக்கொள்வார், ஏனென்றால் எந்தச் சுவரும் நாம் நினைக்கிற அளவுக்கு நேராக இருப்பதில்லை. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூலைகள் சரி, வித்தியாசம் வந்தால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். ரசமட்டத்தை எடுத்து அடிப்பகுதியில் வைத்துப் பார்ப்பார். கடைசியில் சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஆர்டர் கொடுப்பார். கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அளவு தப்பினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அந்தப் பயம் அவர் கையில் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறாரா? சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்கிறாரா? வெளிப்பக்கத் தளம் தண்ணீர் வெளியே ஓடும்படி சரிந்திருக்கிறதா என்று பார்க்கிறாரா? பழைய மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கிறாரா? பழைய சட்டத்துக்குள்ளேயே புதிதைச் செருகுவது ஒரு முறை, செலவும் தூசியும் குறைவு, ஆனால் கண்ணாடிப் பரப்பு கொஞ்சம் சுருங்கும், உள்ளே உளுத்த மரம் இருந்தால் அது அப்படியே மூடப்பட்டுவிடும். முழுச் சட்டத்தையும் பெயர்த்து எடுப்பது இன்னொரு முறை. எது உங்களுக்கு, ஏன் என்று காரணத்தோடு சொல்லத் தெரியாதவர் குத்திப் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்று கேள்விகள்

இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்? ஃபோம் (பீய்ச்சியதும் நுரைத்து உப்பி இறுகுவது) என்றால் குறைவாக உப்புகிற வகையா? அதிகம் உப்பினால் சட்டம் உள்ளே வளைந்து கதவு சிக்கும். வெயிலில் விட்டால் ஃபோம் பொடிந்துபோகும் என்பதால் அதை மூடவும் வேண்டும்.

எந்த சிலிக்கான்? அடிக்கும்போது வினிகர் வாடை வருகிற வகை சிமெண்டில் சரியாக ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். சுவரோரத்துக்கு அந்த வாடை வராத நியூட்ரல் வகை என்று அவராகவே சொன்னால் நல்ல அறிகுறி.

பழைய பெயின்டை என்ன செய்வீர்கள்? மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை.

படி 5: எழுத்தில் வாங்குங்கள்

"ஐந்து ஜன்னல், மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் வருவதை விலைப்பட்டியல் என்று ஏற்காதீர்கள். ஒவ்வொரு ஜன்னலின் அளவு, சட்டத்தின் வகை, கண்ணாடியின் தடிமன், கீல், பூட்டு, கழற்றும் கூலி, பூச்சு வேலை, பழையதை அப்புறப்படுத்துவது, முடியும் தேதி, எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். அப்போதுதான் மூன்று பேரையும் ஒப்பிட முடியும். மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் பூச்சு வேலை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் அங்கேதான் விடை கிடைக்கும்.

உத்தரவாதம் இரண்டு. பொருளுக்குத் தயாரிப்பாளர் தருவது ஒன்று, மாட்டிய வேலைக்கு இவர் தருவது ஒன்று. இரட்டைக் கண்ணாடிக்குள் பனி படிந்தால் அது முதல் கணக்கு, சுவரோரம் ஒழுகினால் இரண்டாவது. "எல்லாத்துக்கும் வாரன்டி இருக்கு சார்" என்ற வாய்ப்பேச்சு இரண்டிலும் சேராது.

முன்பணம் கேட்பது நியாயம்தான், உங்கள் அளவுக்குச் செய்த ஜன்னலை வேறு யாருக்கும் விற்க முடியாது. முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும், இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் மட்டும் வாசல் வரை வழியனுப்பி வையுங்கள்.

படி 6: கடைசித் தவணைக்கு முன்

முதல் ஜன்னலை மாட்டி முடித்ததும் நிறுத்திப் பாருங்கள், மற்றவை அப்புறம். கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள், தானாக நகர்ந்தால் மட்டம் சரியில்லை. ஒரு தாளை இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள், சுற்றிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். பசை காய்ந்த பிறகு வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக அடிக்கச் சொல்லி, நீங்கள் உள்ளே நின்று பாருங்கள். மேலிருந்து அடித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிடிபடாது.

நகரும் கதவாக இருந்தால் கீழ்த் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் இருக்கிற சிறு ஓட்டைகள் வழியாக அது வடிந்துவிட வேண்டும். அந்த ஓட்டைகளையும் சேர்த்துச் சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றால், ஓட்டையைத் திறந்துவிட்டு வந்து பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.