‘கேஷ்’ நம் காசா? பேரனோடு அகராதி பார்த்த விதம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது, கடையில் தொங்கிய ‘கேஷ் ஒன்லி’ அட்டையைப் பார்த்து என் பேரன் கேட்டான்: “பாட்டி, கேஷ் நம்ம காசுலேருந்து வந்ததுதானே?” தொடக்கநிலை 4 படிக்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு அகராதியை எடுத்தோம்.

உங்கள் பிள்ளை கேட்டால் நீங்களும் இப்படிச் செய்யுங்கள். சொல் எங்கிருந்து பிறந்தது என்ற விவரம் தரும் பெரிய ஆங்கில அகராதி வேண்டும். பள்ளிப் பைக்குள் அடங்கும் சிறியது போதாது. உடனே பொருளுக்குப் போகாதீர்கள். தலைச்சொல்லின், அதாவது விளக்கத்துக்கு முன்னால் நிற்கும் சொல்லின், தோளில் பொடியாக 1, 2 என்று எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எழுத்துதான் ஒன்று, சொற்கள் வேறு வேறு. கீழே விளக்கத்துக்குள் வரும் 1, 2 என்பவை ஒரே சொல்லின் பல பொருள்கள். இந்த இரண்டும் வேறு என்பது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

கேஷுக்குத் தலைச்சொல் இரண்டு. மீன்கடை அட்டையில் இருப்பது முதலாவது. லத்தீனில் ‘கப்ஸா’ என்றால் பெட்டி. அது இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியைக் குறித்தது; பிறகு உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. “கல்லாவில் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டுவிட்டு, “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்றும் கேட்கிறோமே, அதேதான்.

இரண்டாவதுதான் நம்முடையது. நம் காசு போர்ச்சுக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆனது. தென்னிந்தியச் சில்லறைக்கும், நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசுக்கும் அந்தப் பெயர். அப்பாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு சீனக்காசு உண்டு. அதைப் பேரன் உள்ளங்கையில் வைத்து, “இதுக்கு ஆங்கிலத்தில் வைத்த பேர் நம்ம பேர்” என்றேன். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் முதல் கேஷையும் நமதென்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது.

அப்புறம், ஒலி ஒத்துப்போனால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சொல்லை யார், எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். கடையில் பணம் வாங்கும் ‘கேஷியர்’ பெட்டிக் குடும்பம். படை அதிகாரியின் பதவியைப் பறிப்பதையும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்பார்கள். அது டச்சு வழியாக வந்த வேறு சொல்.

அடுத்த வாரத்துக்குப் பேரனிடம் ‘கேஸ்’ என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி வைக்கும் கேஸ் அதே கப்ஸாவின் பிள்ளை; நீதிமன்ற கேஸ், விழுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பொடி எண்ணை அவனே கண்டுபிடிக்கட்டும்.